டொரண்டோ அரங்கில் ஒரு மாலைப்பொழுது



"மௌலவிக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2025 ஏப்ரல் முற்பகுதிவரை எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. ஆனால் இன்று எமது குடும்பங்களில் கனடாவில் ஒரு மகளோ சகோதரியோ இல்லாத வீடு குறைவு. பேரப்பிள்ளை பார்க்கவென்று போகும் உம்மாமார், மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் மாமிமார் என்று வருடந்தோறும் பலர் பயணமாகிறார்கள். அங்கு வளரும் எமது பிள்ளைகள் ஒருநாள் உங்கள் கையைப் பிடித்து "வாங்க, விளையாட்டுப் பார்க்கப் போவோம்" என்பார்கள். அன்று நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு அது ஒரு முன்னேற்பாடாக அமையட்டும்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கும் என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். போய் இரண்டு நாளாகவில்லை, சமையலறையில் வைத்துத் தங்கை கண் கலங்கினாள். "நானா, மகன் எங்களோட கதைக்கிறதே இல்ல. ஸ்கூல் விட்டு வந்தா கதவைச் சாத்திக்கொள்றான். இல்லாட்டி பந்தும் கையுமா நிற்கிறான். தொழுறானா இல்லையா என்டும் தெரியல்ல. நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றாள். பதினைந்து வயது மருமகன். நானும் பிரசங்கத்துக்குக் குறிப்பெடுப்பதுபோல மனதில் உபதேசங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

அன்றிரவே அவன் என் அறைக்கு வந்தான். "மாமா, ரப்டர்ஸ் விளையாட்டுக்கு ரெண்டு டிக்கட் எடுத்திருக்கன். பெருநாள் காசில எடுத்தது. நீங்க வருவீங்களா?" என்றான். உபதேசம் தொண்டையில் நின்றுவிட்டது.

சகோதரிகளே, இங்கு ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் புதிதாக ஆசிரியத் தொழிலில் சேர்ந்த காலத்தில், அஸருக்குப் பிந்தி வந்தான் என்பதற்காக ஒரு மாணவனின் பந்தைப் பறித்து அலுமாரியில் பூட்டி வைத்தேன். பந்து அலுமாரியிலேயே கிடந்தது. அந்தப் பிள்ளை மறுவாரம் முதல் வகுப்புக்கே வரவில்லை. பந்தோடு பிள்ளையையும் இழந்தேன். அந்த முகம்தான் அன்றிரவு நினைவுக்கு வந்தது. "வருகிறேன். ஆனால் தொழுகை தவறக்கூடாது. அதற்கு வழி நீதான் சொல்ல வேண்டும்" என்றேன். "சரி மாமா, பிளான் பண்ணுவோம்" என்றான். தங்கைக்குத்தான் பிடிக்கவில்லை. "புத்தி சொல்லக் கூப்பிட்டா, நீங்களும் கூத்துப் பார்க்கப் போறீங்களா நானா?" என்று கேட்டாள்.

எங்கே இருக்கிறது இந்த அரங்கு?

டொரண்டோ நகரின் நடுமையத்தில், ஒன்டாரியோ ஏரிக்கு அண்மையில், யூனியன் புகையிரத நிலையத்தை ஒட்டினாற்போல இருக்கிறது ஸ்கோஷியாபேங்க் அரீனா. 1999 பெப்ரவரியில் எயார் கனடா சென்டர் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 2018இல்தான் இன்றைய பெயர் வந்தது. கூடைப்பந்தாட்டத்துக்கு 19,800 பேர் அமரலாம்.

முன்பு அவ்விடத்தில் இருந்தது ஒரு பெரிய தபால் கட்டடம். அரங்கைக் கட்டியவர்கள் அதை முழுவதும் இடித்துத் தள்ளவில்லை. அதன் பழைய கற்சுவர்களில் சிலவற்றை அப்படியே நிறுத்தி, அவற்றுக்குள் புதிய அரங்கை எழுப்பினார்கள். அச்சுவர்களில் செதுக்குச் சிற்பங்கள் உண்டு. மனிதன் புகையால் சைகை காட்டிச் செய்தி அனுப்பிய காலம் முதல் ஆகாய விமானத்தில் தபால் போன காலம் வரை கல்லில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழையும் அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் போனால் ஐந்து நிமிடம் முந்திச் சென்று வெளிச்சுவரைப் பாருங்கள்.

இந்த அரங்கைத் தாயகமாகக் கொண்ட அணிதான் டொரண்டோ ரப்டர்ஸ். 1995இல் ஆடத் தொடங்கியது. 1993இல் வெளியான டைனசோர் திரைப்படம் பரபரப்பாகப் பேசப்பட்ட காலமாதலால் ஒரு டைனசோரின் பெயரையே அணிக்கு வைத்துவிட்டார்கள். 2019 ஜூனில் இவ்வணி என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றது. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள ஓர் அணி அதை வென்றது அதுவே முதல் தடவை.

ஆனால் அந்நகருக்கும் இவ்விளையாட்டுக்குமான உறவு இன்னும் பழையது. கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்டாரியோ மாகாணத்தில் 1861இல் பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஆசிரியராக இருந்தபோது, பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக 1891 டிசம்பரில் பழக்கூடைகள் இரண்டை மாட்டி இவ்விளையாட்டை உருவாக்கினார். அடங்காத பிள்ளைகளைச் சமாளிக்க ஓர் ஆசிரியர் கண்ட வழி அது! அதை வாசித்தபோது, பந்தைப் பூட்டிவைத்த இந்த ஆசிரியருக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

டிக்கட் எடுக்கும்போது

என்.பி.ஏ. போட்டிகள் ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதிவரை நடக்கும். ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடும். அதில் பாதி சொந்த அரங்கில். எனவே நீங்கள் பனிக்காலத்தில் போனால் வாய்ப்புகள் ஏராளம். வெற்றிபெறும் பருவத்தில் டிக்கட் விலை ஏறும். நான் போன பருவத்தில் ரப்டர்ஸ் 30 ஆட்டங்களில் வென்று 52இல் தோற்றது. அதனால்தான் ஒரு பள்ளி மாணவனின் பெருநாள் காசுக்கு இரண்டு இடம் கிடைத்தது. புகழ்பெற்ற அணிகள் வரும் நாளையும் சனி, ஞாயிறையும் தவிர்த்து, வாரநாள் ஒன்றைத் தெரிவு செய்தால் செலவு குறையும்.

அரங்கில் ஆசனங்கள் அடுக்கடுக்காக உள்ளன. 100 என்று தொடங்கும் பகுதிகள் கீழே, விலை அதிகம். 300 என்று தொடங்குபவை உச்சியில், விலை குறைவு. மேலிருந்து பார்த்தால் ஆட்டம் முழுவதும் உள்ளங்கையில் தெரிவதுபோலத் தெரியும். ஆனால் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வருத்தமுள்ள உம்மாமாரையும், கர்ப்பிணிகளையும், கைக்குழந்தையோடு இருப்போரையும் அங்கே ஏற்றாதீர்கள். குடும்பமாகப் போனால் வரிசையின் ஓரத்து ஆசனங்களைக் கேட்டு எடுங்கள். சிறுபிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துச் செல்ல இருபது பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டியதில்லை. அத்தோடு, பெண்களை நடுவில் அமர்த்தி ஆண்கள் இரு ஓரத்திலும் அமர்ந்தால் அந்நியருடன் நெருங்கி அமரும் சங்கடமும் இராது.

டிக்கட் காகிதத்தில் வராது. கையடக்கத் தொலைபேசியில்தான் வரும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போது பெற்றரியை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரே தொலைபேசியில் எல்லோரது டிக்கட்டும் இருந்தால் எல்லோரும் ஒன்றாகவே நுழைய வேண்டும், பிரிந்துவிட வேண்டாம்.

பயணமும் ஒரு பாடம்

சொந்தக் கார் இருந்தாலும் அன்று அதை வீட்டிலேயே விடுங்கள். ஆட்ட நாளில் நகர மையத்தில் வாகனம் நிறுத்தும் கட்டணமும் நெரிசலும் உங்கள் பொறுமையைச் சோதித்துவிடும். சுரங்க ரயில், பஸ், 'கோ' ரயில் மூன்றுக்கும் 'பிரெஸ்டோ' என்ற ஒரே அட்டை போதும். நகரப் போக்குவரத்தில் ஒருமுறை அட்டையைத் தட்டினால் இரண்டு மணிநேரத்துக்குள் பஸ்ஸிலும் ரயிலிலும் மாறி ஏறலாம். 12 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் இலவசம். நான்கு பிள்ளைகளோடு போகும் தாய்க்கு இது பெரும் சலுகை.

நாங்கள் பிற்பகலிலேயே புறப்பட்டோம். சுரங்க ரயிலில் சென்று, முதலாம் தடத்தில் செயின்ட் பேட்ரிக் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து சிறிது நடந்தால் டண்டாஸ் வீதியில் மஸ்ஜித் டொரண்டோ. அஸரை ஜமாஅத்தாகத் தொழுதோம். என் பக்கத்தில் ஆபிரிக்கர் ஒருவர், மறுபக்கம் பாகிஸ்தானியர் ஒருவர், முன் வரிசையில் கழுத்துப்பட்டி அணிந்த அலுவலக இளைஞர்கள். டொரண்டோ பெரும்பாகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முஸ்லிம் என்று குடிசன மதிப்பீடு சொல்வதை அந்த வரிசையில் கண்ணால் கண்டேன்.

சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நகர மையத்தில் ஹலால் உணவுக்குப் பஞ்சமில்லை. அரங்கினுள் விற்பவற்றில் எது ஹலால் என்று நெரிசலில் நின்று விசாரிப்பது சிரமம், விலையும் அதிகம். நாங்கள் ரொட்டியும் கோழியும் சாப்பிட்டு, மீண்டும் ரயிலேறி மூன்று தரிப்பிடங்கள் கடந்து யூனியன் நிலையத்தில் இறங்கினோம். 1927இல் திறந்துவைக்கப்பட்ட நிலையம் அது. அதன் பெரிய மண்டபத்தின் உயரத்தையும் சுவர்களில் பொறித்துள்ள கனேடிய ஊர்ப்பெயர்களையும் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவது தெரியாது. அங்கிருந்து வீதிக்கு ஏறாமலே, உட்புறப் பாதை வழியாக அரங்குக்குப் போய்விடலாம். நகர மையத்தின் கட்டடங்களை நிலத்தடியில் இணைக்கும் 30 கிலோமீற்றருக்கும் அதிகமான பாதை வலையின் ஒரு கிளை அது. ஏப்ரலிலும் ஏரிக் காற்று எலும்பைத் துளைக்கும் ஊரில் இது பெரிய நிஃமத். தள்ளுவண்டியோடு வருபவர்களுக்கும் இவ்வழியே இலகு.

வாசலில் நடந்த தவறு

முதல்நாளே மருமகன் சொன்னான்: "மாமா, பெரிய பை கொண்டு போக விடமாட்டாங்க." நான் கேட்கவில்லை. முஸல்லா, தண்ணீர்ப் போத்தல், தங்கை கட்டித் தந்த வட்டிலப்பம் எல்லாவற்றையும் தோள்பையில் வைத்து எடுத்துப் போனேன். வாசலில் உலோகம் சோதிக்கும் வாயில் அருகே நின்ற பணியாளர் மரியாதையாகச் சிரித்துத் தலையை அசைத்துவிட்டார். பை உள்ளே போகாது. குற்றம் முழுவதும் என்னுடையது. நல்லவேளை, எங்களை வழியனுப்ப யூனியன் நிலையத்தில் வந்து சேர்ந்திருந்த மச்சான் இன்னும் ரயிலேறவில்லை. தொலைபேசியில் அழைத்து, பையை அவரிடம் கொடுத்தனுப்பினோம். வட்டிலப்பம் போனது போகட்டும். முஸல்லாவும் போய்விட்டதே என்பதுதான் என் கவலை.

சகோதரிகளே, பையைப் பற்றிய விதியைப் போகும் வாரத்திலேயே அரங்கின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம், அட்டை, தொலைபேசி என்பவை அடங்கும் சிறு கைப்பை போதும். குழந்தைக்குரிய பொருட்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். அரங்கினுள் வெப்பமூட்டியிருப்பார்கள்; ஆகவே கழற்றி மடியில் வைக்கக்கூடிய மேலங்கியாக அணியுங்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஜுப்பாவும் தொப்பியுமாகவே போனேன். மருமகன் வெட்கப்படுவானோ என்று உள்ளூரப் பயம். ஆனால் அந்த அரங்கில் தலையை மறைத்தவர்கள் நான் எண்ணியதைவிட அதிகம். ஹிஜாப் அணிந்த பெண்பிள்ளைகள் அணிச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு கூட்டமாக வந்திருந்தார்கள். இவ்வணியின் மிகப் புகழ்பெற்ற இரசிகரே தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியர்தான். நவ் பாட்டியா என்ற அவர் 1995 முதல் சொந்த அரங்கின் ஆட்டங்களைத் தவறவிடாதவர் எனப் பெயர் பெற்றவர். 2019இல் அணி வென்றபோது வீரர்களுக்குரிய வெற்றி மோதிரம் அவருக்கும் வழங்கப்பட்டது. தன் அடையாளத்தை மறைக்காமல் நிற்பவரை மக்கள் மதிக்கத்தான் செய்கிறார்கள்.

ஆட்டத்தைப் புரிந்துகொள்ள

விளையாட்டு தெரியாமல் போய் உட்கார்ந்தால் சலிப்புத் தட்டும். எமது பெண்பிள்ளைகள் பாடசாலையில் ஆடும் வலைப்பந்தாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். பக்கத்துக்கு ஐந்து பேர். வளையம் பத்தடி உயரத்தில். சாதாரணமாகப் போட்டால் இரண்டு புள்ளி, தூரத்து வளைகோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று, தண்டனை எறிகைக்கு ஒன்று. பந்து கிடைத்த அணி 24 செக்கனுக்குள் எறிந்தாக வேண்டும். பன்னிரண்டு நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். நடுவில் பதினைந்து நிமிட இடைவேளை. கணக்குப்படி 48 நிமிடம்தான். ஆனால் கடிகாரத்தை அடிக்கடி நிறுத்துவதால் முடிய இரண்டரை மணிநேரம் வரை செல்லும்.

மருமகன் ஒரு விந்தையைச் சொன்னான். அதே அரங்கில் பனிக்கட்டி ஹொக்கியும் ஆடுகிறார்கள். பனித்தளத்தை உருக்கிவிடுவதில்லை. அதன்மேல் குளிர் தாங்கும் பலகைகளைப் பரப்பி, அதற்கு மேல் மரத்தளத்தைப் பொருத்திக் கூடைப்பந்து ஆடுகிறார்கள். வீரர்கள் வியர்க்க விறுவிறுக்க ஓடும் தரையின் கீழே பனிக்கட்டி உறைந்து கிடக்கிறது! இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அன்று இரண்டு மணிநேரம் ஓயாமல் கதைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒன்றை அவன் அறிந்திருக்கவில்லை. நைஜீரியாவில் பிறந்த ஹகீம் ஒலாஜுவொன் என்ற பெருவீரர் ரமழானில் நோன்பு நோற்றபடியே ஆடியவர். 1995இல் ரமழான் பெப்ரவரி முதலாந் திகதி தொடங்கியது. அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவரும் அவரே. அவர் தம் கடைசிப் பருவத்தை, அதாவது 2001-2002ஐ, ஆடியது இதே ரப்டர்ஸ் அணிக்காகத்தான். "இந்த ஃப்ளோரிலயா மாமா?" என்று கேட்டு, கீழே பார்த்துக்கொண்டே இருந்தான்.

இடைவேளையில் மஃரிப்

இனி முக்கிய விடயத்துக்கு வருகிறேன். இரவு ஆட்டங்கள் பெரும்பாலும் 7.30க்குத் தொடங்கும். டொரண்டோவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாலை ஐந்து மணிக்கு முன்னும் பின்னுமாகச் சூரியன் மறைந்துவிடும். அப்போது மஃரிபையும் இஷாவையும் தொழுதுவிட்டே அரங்குக்குப் போகலாம். ஆனால் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளுவார்கள். அதன் பின் மஃரிப் ஏழு மணியைத் தாண்டிவிடும். நான் போன ஏப்ரல் நாளில் ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில்தான் சூரியன் மறைந்தது. ஆட்டம் முடிந்து போய்த் தொழுவதென்றால் மஃரிபின் நேரம் கடந்துவிடும்.

பிரயாணியாக ஓரிரு நாள் தங்கிச் செல்பவருக்கு மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகை உண்டு. தங்கை வீட்டில் வாரக்கணக்கில் தங்கியிருந்த எனக்கு எமது ஷாஃபிஈ மத்ஹபின்படி அச்சலுகை இல்லை. அங்கேயே வசிக்கும் மருமகனுக்கு எப்படியும் இல்லை. ஆகவே இடைவேளைதான் வழி.

அவன் சொன்ன திட்டம் இதுதான்: வீட்டிலும் உணவகத்திலும் வுழூவைப் பேணிக்கொள்வது, இரண்டாம் பகுதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுவது, கூட்டம் கடைகளுக்குப் பாயுமுன் நடைபாதையின் கடைசி மூலைக்குப் போய்விடுவது. அப்படியே செய்தோம். அவன் அங்கு நின்ற பணியாளரிடம் பணிவாக ஏதோ கேட்டான். அவர் ஆள்நடமாட்டமில்லாத ஓர் ஓரத்தைக் கைகாட்டினார். முஸல்லா இல்லையே என்று நான் தயங்கினேன். மருமகன் தன் மேலங்கியைக் கழற்றினான். அதன் முதுகில் பெரிய டைனசோர் உருவம். உருவம் கீழே போகும்படி உட்புறத்தை மேலே திருப்பி விரித்தான். "கிப்லா இந்தப் பக்கம் மாமா. லேக் அங்க தெற்கால, நாங்க வடகிழக்கைப் பார்க்கணும்" என்றான். மேற்கைப் பார்த்துத் தொழுதே பழகிய எனக்கு அவன் சொல்லித்தான் திசை தெரிந்தது.

"உனக்கு எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "போன வருஷமும் ஃபிரண்ட்ஸோட வந்தப்ப இங்கதான் தொழுதன்."

சகோதரிகளே, தொழுகிறானா என்று தாய் கண் கலங்கிய அதே பிள்ளை! பூட்டிய கதவுக்குள் அவன் என்ன செய்தான் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் விசாரணையாகவே இருந்தது. அவனும் சொல்லவில்லை. மூன்று ரக்அத் தொழுது ஸலாம் கொடுத்தபோது என் கண்கள் நனைந்திருந்தன. அவன் மேலங்கியை உதறிப் போட்டுக்கொண்டு, "கெதியா வாங்க மாமா, தேர்ட் குவாட்டர் தொடங்கிடும்" என்று இழுத்துப் போனான்.

கவனிக்க வேண்டியவை

எல்லாம் நல்லதென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அரங்கினுள் மதுபானம் விற்கிறார்கள். பக்கத்து ஆசனத்தில் யாராவது குடிக்கலாம். தொந்தரவாக இருந்தால் சண்டை பிடிக்காமல் பணியாளரிடம் முறையிடுங்கள். ஆட்டம் நிற்கும் நேரங்களில் இசையும் நடனமும் உண்டு. எழுந்து சற்று நடந்து வரவும், பிள்ளைகளோடு கதைக்கவும் அந்நேரத்தைப் பயன்படுத்துங்கள். சத்தம் மிக அதிகம். கைக்குழந்தைகளுக்குக் காதுமூடி இல்லாமல் கொண்டு போகாதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தந்தது வேறொன்று: பந்தயம். ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் முதல் தனியார் நிறுவனங்களும் அனுமதி பெற்று இணையத்தில் பந்தயச் சூதாட்டம் நடத்துகின்றன. 19 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அனுமதியில்லைதான். ஆனால் விளம்பரம் வயது பார்த்துக் கண்ணில் படுவதில்லை. ரப்டர்ஸ் அணியின் ஜொண்டே போர்ட்டர் என்ற இளம் வீரருக்கு 2024 ஏப்ரலில் என்.பி.ஏ. ஆயுட்காலத் தடை விதித்தது. தன் உடல்நிலை பற்றிய இரகசியத்தைப் பந்தயக்காரருக்குச் சொன்னதும், பந்தயத்துக்காகத் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டதும், தானும் பந்தயம் பிடித்ததுமே காரணம். திரும்பும் ரயிலில் இதைப் பற்றி மருமகனே பேச்செடுத்தான். வகுப்பில் சிலர் தமக்குள் காசு வைத்துப் பந்தயம் பிடிப்பதாகவும், தன்னையும் கூப்பிட்டதாகவும் சொன்னான். "போனியா?" என்றேன். "ஒருதரம் போனன். அஞ்சு டொலர். பிறகு போகல்ல" என்றான். நான் கோபிக்கவில்லை. சூது ஏன் ஹராம் என்பதை, அந்த வீரரின் கதையைக் கொண்டே விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டு வந்தான். வீட்டில் உட்கார்த்தி வைத்து இதே விடயத்தைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா? அந்த ஐந்து டொலரை எனக்குச் சொல்லியிருப்பானா?

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு முண்டியடிப்பார்கள். பத்து நிமிடம் ஆசனத்திலேயே இருங்கள். பிள்ளை தவறினால் எங்கே சந்திப்பது என்று நுழையும்போதே ஓரிடத்தைக் காட்டி வையுங்கள். நாங்கள் வீடு சேர இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. இஷாவை வீட்டில் தொழுதோம். தங்கையும் மச்சானும் சேர்ந்துகொண்டார்கள். மருமகனை இமாமாக நிறுத்தினேன்.

பெண்பிள்ளைகளுக்கும் இடமுண்டு

மறுநாள் காலை தேநீர் ஊற்றும்போது தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அந்த மூலைய யார் காட்டினது நானா?" சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மகனை அழைத்து, ஆட்டத்தில் யார் வென்றது என்று விசாரித்தாள். அவன் ஆச்சரியத்தோடு உம்மாவைப் பார்த்தான். அவர்களுக்கிடையே ஒரு பேச்சு தொடங்கியது. நான் தேநீரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

அவளுக்கு பத்து வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். "நானும் விளையாடலாமா மாமா?" என்று அவள் கேட்டாள். முன்பு சர்வதேசப் போட்டிகளில் தலையை மறைத்துக்கொண்டு கூடைப்பந்து ஆட அனுமதி இருக்கவில்லை. பில்கிஸ் அப்துல் காதிர் என்ற அமெரிக்க முஸ்லிம் பெண், பாடசாலைக் காலத்தில் 3,000க்கும் அதிகமான புள்ளிகள் குவித்தவர். இவ்விளையாட்டு பிறந்த ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தவர். ஹிஜாபைக் கழற்ற மறுத்ததால் தொழில்முறை ஆட்டத்துக்கான அவரது வழி அடைபட்டது. அவர் ஓயாமல் குரல் கொடுத்தார். வேறு பலரும் குரல் கொடுத்தார்கள். 2017இல் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் விதியை மாற்றி, அவ்வாண்டு ஒக்டோபர் முதல் தலையை மறைக்க அனுமதித்தது. டொரண்டோவுக்கும் பெண்கள் தொழில்முறை அணியொன்று 2024இல் வழங்கப்பட்டு, டெம்போ என்று பெயரிடப்பட்டது. 2026 பருவத்துக்கென அறிவிக்கப்பட்ட அவ்வணியின் ஆட்டத்துக்குத் தாயும் மகளும் போவதாக அன்று பேசிக்கொண்டார்கள். மருமகன் உடனே சொன்னான்: "உம்மா, பிளான் நான் போட்டுத் தாறன். ஆனா பெரிய பை கொண்டு வரக்கூடாது."

எனவே சகோதரிகளே, அங்கே போகும் உங்களை உங்கள் பேரப்பிள்ளை அழைத்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். தொழுகை நேரத்தைப் பாருங்கள், சாப்பாட்டை முந்தி முடியுங்கள், சிறிய கைப்பை எடுங்கள், ஓரத்து ஆசனத்தில் அமருங்கள். திட்டம் போடும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். பொறுப்பை ஏற்ற பிள்ளை உங்களோடு பேசத் தொடங்குவான். பேசத் தொடங்கினால், நாம் அறியாத பலவற்றை அறிவோம்; அவற்றுள் நாம் ஏங்கிய நல்லதும் இருக்கலாம்.

வல்ல அல்லாஹ் எமது பிள்ளைகளை, அவர்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.